பழைய விண்மீன்கள் கூறும் வரலாறு

மனிதக் குருதியிலுள்ள இரும்பும் எலும்பிலுள்ள கால்சியமும் விண்மீன்களில் உருவானவை. சுமார் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரபஞ்சம் தோன்றியபோது ஹைட்ரஜன், ஹீலியம், சிறிதளவு லித்தியம் ஆகியவையே உண்டாயின. பிற தனிமங்களுள் பெரும்பாலானவை விண்மீன்களில் உருவாகி, அவை வெடித்தபோது வெளியே சிதறின. அவ்வாயுவிலிருந்து அடுத்த தலைமுறை விண்மீன்கள் பிறந்தன. இவ்வாறே பால்வெளி மண்டலத்தில் தனிமங்கள் படிப்படியாகப் பெருகின.

இவ்வரலாற்றை அறிவது எவ்வாறு? சூரியனைவிடச் சற்றுக் குறைந்த நிறையுள்ள விண்மீன்கள் 1,000 கோடி ஆண்டுகளுக்கு மேலும் வாழ்கின்றன. தாம் பிறந்த காலத்து வாயுவின் கலவையை அவற்றின் மேற்பரப்பு பெரும்பாலும் மாறாமல் காத்து வருகிறது. அவற்றின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய கருங்கோடுகளைக் காட்டும். கோட்டின் வலிமை, தனிமத்தின் அளவை மட்டுமின்றி வெப்பநிலையையும் பொறுத்தது. இவ்விரண்டையும் பிரித்தறிய வழிவகுத்தது, 1920-இல் மேகநாத சாகா வெளியிட்ட அயனியாக்கச் சமன்பாடு.

மக்னீசியம் பெரும்பாலும் குறுகிய ஆயுளுடைய பெரிய விண்மீன்களின் வெடிப்பால் விரைவில் பரவுகிறது. இரும்பின் பெரும்பகுதியோ வெண்குள்ள விண்மீன்களின் வெடிப்பால் காலந்தாழ்ந்தே சேர்கிறது. ஆகவே, இரும்பை நோக்க மக்னீசியம் மிகுந்த விண்மீன், அந்த இரும்பு சேருமுன் பிறந்ததெனக் கொள்ளலாம். 2014-இல் அறிவிக்கப்பட்ட ஒரு விண்மீனில், இரும்பின் விகிதம் சூரியனில் உள்ளதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை.

லடாக்கின் ஹான்லேயில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் அமைந்த இமாலய சந்திரா தொலைநோக்கி வாயிலாக இந்திய அறிவியலாளரும் இத்தகைய விண்மீன்களை ஆராய்கின்றனர். சாகா வகுத்த பாதை அங்கே தொடர்கிறது.