டிரா ஆனது ஆட்டம், பறிபோனது பட்டம்!

சென்னை மண்ணில், சென்னையில் வளர்ந்த விசுவநாதன் ஆனந்த் உலக செஸ் பட்டத்தைப் பறிகொடுத்த நாள் 2013 நவம்பர் 22. அன்று அவர் தோற்கவில்லை. ஆட்டம் "டிரா"தான்!

"டிரா ஆனா பட்டம் எப்படிப்பா போகும்?" என்று ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் இன்றும் கேட்பார்கள். வடசென்னை, கேரம் போர்டு ஊர். ஒரு போர்டு ஆடினால் யாராவது ஒருவர் ஜெயித்தே தீரவேண்டும். செஸ் அப்படி அல்ல.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

அரைப் புள்ளி கணக்கு

ஜெயித்தால் 1 புள்ளி. டிரா ஆனால் ஆளுக்கு அரைப் புள்ளி. மொத்தம் 12 ஆட்டம். முதலில் ஆறரைப் புள்ளி எடுப்பவருக்குப் பட்டம்.

தேனாம்பேட்டையில் உள்ள ஓட்டலில் நவம்பர் 9-ந்தேதி போட்டி தொடங்கியது. ஆனந்துக்கு வயது 43. 2007 முதல் பட்டம் அவர் கையில். எதிரே நார்வே வாலிபர் மாக்னஸ் கார்ல்சன். வயது 22.

முதல் 4 ஆட்டமும் டிரா. முதல் ஆட்டம் 16 நகர்த்தலிலேயே முடிந்தது. நாலாவது ஆட்டமோ 64 நகர்த்தல் வரை இழுத்தது. ஒரு சிப்பாயைப் பறிகொடுத்தும் ஆனந்த் தாக்குப்பிடித்தார்.

குதிரை செய்த வினை

5, 6-வது ஆட்டங்களில் கார்ல்சன் அடுத்தடுத்து வென்றார். 7, 8 மறுபடி டிரா. 9-வது ஆட்டத்தில் ஆனந்த் துணிந்து ராஜாவை நோக்கிப் பாய்ந்தார். 28-வது நகர்த்தலில் குதிரையைத் தவறான கட்டத்தில் வைத்தார். அத்தோடு சரி!

கணக்கு 6-3 ஆனது. மீதி 3 ஆட்டத்தையும் ஜெயித்தால்தான் ஆனந்துக்கு 6-6. கார்ல்சனுக்கு அரைப் புள்ளி போதும்.

65 நகர்த்தல்

10-வது ஆட்டத்தில் ஆனந்துக்குக் கறுப்புக் காய். 65 நகர்த்தல் வரை போராடினார். டிரா! அந்த அரைப் புள்ளியோடு பட்டமும் நார்வேக்குப் போனது. 10 ஆட்டத்தில் 7 டிரா. ஆனந்துக்கு ஒரு வெற்றிகூட இல்லை.

திரும்பி வந்தது

11 வருடம் கழித்து, 2024 டிசம்பர் 12. சிங்கப்பூரில் சென்னைப் பையன் குகேசும் சீனாவின் டிங் லிரெனும் ஆறரைக்கு ஆறரை என்று சமமாக நின்றனர். கடைசி ஆட்டமும் டிராதான் என்று பார்த்தவர்கள் நினைத்த நேரத்தில் டிங் யானையைத் தவறாக நகர்த்தினார். 18 வயது குகேசு விடவில்லை.

டிராவில் போன பட்டம், டிரா ஆகவேண்டிய ஆட்டத்தில் சென்னைக்குத் திரும்பியது!