ஒளி வந்த வழி – 11: ஆரைக்கீரைச் சாற்றுக்குக் கரண்ட் கொடுத்தால்?

ஆரையம்பதியின் பழைய பெயர் ஆரைப்பற்றை. நாலு இலை விரித்து நிற்கும் ஆரைக்கீரை பற்றையாய் மண்டிக்கிடந்ததால் வந்த பெயர் என்பார்கள். போன கிழமை அந்தக் கீரையில் ஒரு பிடி எடுத்து அரைத்தோம். பார்மசி ஸ்பிரிட்டை ஊற்றி வடித்தபோது போத்தலில் கரும்பச்சைச் சாறு. லைட்டை அணைத்துவிட்டு, கடைகளில் கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா டோர்ச்சைப் பிடித்தேன். பச்சைச் சாறு இரத்தச் சிவப்பாய் ஒளிர்ந்தது.

தங்கச்சியின் மகள் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: “மாமா, டோர்ச் இல்லாம இதுக்கு கரண்ட் குடுத்தா எரியுமா?”

அந்தச் சிவப்பை 1834இல் டேவிட் புரூஸ்டர் எழுதிவைத்துவிட்டார். பச்சையம் ஒளியை விழுங்கி, கொஞ்சத்தைச் சிவப்பாய்த் திருப்பித் தருகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் விக்ரம் சிங்கும் அசோக் குமார் மிஸ்ராவும் 2015இல் மாதுளைச் சாற்றையும் மஞ்சள் சாற்றையும் கலந்து, 380 நானோமீற்றர் ஊதா ஒளி பாய்ச்சி, ஏறக்குறைய தூய வெள்ளை ஒளியையே எடுத்தார்கள். சமையலறைப் பொருட்கள் இரண்டு! ஆனால் அதுவும் ஒளி கொடுத்து ஒளி வாங்கிய கதைதான். பிள்ளை கேட்டது வேறு.

போன் திரையில் இருக்கும் ஓலெட், அதாவது சேதன ஒளிகாலும் இருவாயி, மின்னில் எரிகிறது. 1987இல் கொடாக் நிறுவனத்தில் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் காட்டிய வழி அது. தலைமயிரின் தடிப்பில் சில நூறில் ஒரு பங்கான படலம். ஒரு பக்கத்தால் இலத்திரன் வரும், மறுபக்கத்தால் துளை, அதாவது இலத்திரன் இல்லாத வெற்றிடம், வரும். இரண்டும் ஒரு மூலக்கூறில் சந்தித்தால் ஒளி. ஆனால் சாதாரண சாயத்தில் நாலு சந்திப்பில் மூன்று வீண்.

பச்சையத்தின் நடுவே மக்னீசியம், அதைச் சுற்றி நாலு நைதரசன் பிடித்த வளையம். அதே குடும்பத்து வளையம் ஒன்றின் நடுவே பிளாற்றினத்தை வைத்து, போல்டோ, ஃபாரஸ்ட், தொம்சன் குழுவினர் 1998இல் கரண்டில் சிவப்பாய் எரியவைத்தார்கள். பாரமான அந்த அணு, வீணாகும் மூன்றையும் ஒளியாக்க வழி திறந்தது. ஆரைக்கீரையின் தூரத்துச் சொந்தம் ஒன்று எரிந்தாயிற்று என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அப்படியானால் கீரையே ஏன் எரியக்கூடாது? சாற்றில் ஒரு துளியை வெள்ளைப் பீங்கானில் விட்டுக் காயவைத்தோம். டோர்ச் பிடித்தால் சிவப்பு அநேகமாய் இல்லை. நெருங்கி ஒட்டிக்கொண்டால் பச்சைய மூலக்கூறுகள் ஒன்றின் சக்தியை ஒன்று பறித்து, ஒளியாகாமல் சூடாக்கிவிடும். தள்ளித்தள்ளி வைக்க ஒரு தாங்கி வேண்டும். சென்னைக்காரர்கள் தங்கள் கலவையை ஜெலற்றினில் வைத்தும் வெள்ளை ஒளியைக் கண்டார்கள். ஆனால் ஓலெட்டின் தாங்கி மின்னையும் கடத்தவேண்டும், அதற்கு ஜெலற்றின் உதவாது. வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படலம் போடலாமென்றால், சூட்டில் பச்சையம் சிதைந்துவிடும். ஆகவே நீல எல்.ஈ.டி.யின்மேல் தாவரச் சாயத்தைப் பூசி நிறம் மாற்றுவதுதான் கைக்கெட்டும் வழி என்று எனக்குப் படுகிறது.

“இப்ப எரியாது மகள்” என்றேன். அவள் விடவில்லை. சாற்றை இரண்டு போத்தலில் பிரித்து, ஒன்றை யன்னல் வெயிலில் வைத்தாள், மற்றதை அலுமாரிக்குள் வைத்தாள். யன்னல் போத்தல் பழுப்பாகிவிட்டது. அலுமாரிப் போத்தலை இரவில் எடுத்து டோர்ச் பிடித்தாள். சிவப்பு அப்படியே இருந்தது.