ரேம் பழுதா, தொடுமுனைப் பழுதா?

களமருதூர் போன்ற ஊர்களின் ஜெராக்ஸ் கடைகளில் பத்தாண்டுக்கு மேல் உழைத்த கணினி ஒன்று, திரை இருண்டிருக்கப் பீப் ஒலியை மட்டும் மீண்டும் மீண்டும் எழுப்புமானால், ரேம் போய்விட்டதென்று உடனே முடிவுகட்டுவது அவசரத் தீர்ப்பாகும். தூசியும் ஈரமும் படிந்த ரேமின் தொடுமுனைகளே பல வேளைகளில் இதற்குக் காரணம்.

ரேம் என்பது கணினி அந்தந்த நேரத்தில் கையாளும் தரவைத் தாங்கும் தற்காலிக நினைவகம். அதன் ஒவ்வொரு பிட்டும் நுண்மின்தேக்கி ஒன்றில் மின்னூட்டமாகத் தங்குகிறது. அந்த மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால், வழக்கமாக 64 மில்லிவினாடிக்குள் எல்லாக் கலங்களும் ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. 1968இல் ராபர்ட் டென்னார்டுக்குக் காப்புரிமை கிடைத்த அமைப்பு இது. கதிரியக்கத் துகள் பட்டு ஒரு பிட் தற்செயலாக மாறுவதும் உண்டு. எனினும் கூகுளின் சர்வர்களை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வு, அத்தகைய தற்காலிகப் பிழைகளைவிட நிலையான பழுதுகளே மிகுதி என்று கண்டது. நிலையான பழுதைத் தேடிப் பிடிக்க முடியும் என்பது பழுதுபார்ப்பவருக்கு உண்மையிலேயே ஆறுதலான செய்தி.

தேடலின் அடிப்படை ஒன்றே: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மின்கம்பியைப் பிடுங்கி, உடலில் தேங்கிய நிலைமின்சாரம் சிப்பைத் தாக்காதவாறு பெட்டியின் உலோகச் சட்டத்தைத் தொட்ட பிறகு ரேமைக் கழற்றி, தங்கமுலாம் பூசிய முனைகளை அழிரப்பரால் மெல்லத் தேய்த்து, துகள்களை உதறி, ஒரே ஒரு ரேமை ஒரே ஸ்லாட்டில் பொருத்திப் பார்க்க வேண்டும். கணினி எழுந்தால், மெம்டெஸ்ட்86+ என்னும் இலவசச் சோதனை மென்பொருளைப் பென்டிரைவிலிருந்து இயக்கி, இரவு முழுவதும் ஓடவிடுவது நல்லது. எந்த ஸ்லாட்டிலும் அதே ரேம் பிழை காட்டினால் குற்றம் ரேமுடையது. எந்த ரேமும் குறிப்பிட்ட ஸ்லாட்டில் மட்டும் தடுமாறினால் மதர்போர்டைச் சந்தேகிக்கலாம். எல்லாம் எங்கும் தடுமாறினால் மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியையும் பார்த்தாக வேண்டும்.

மாற்று ரேமைச் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைப்போர் வகையை உறுதிசெய்துகொள்ள வேண்டும்: டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 முனைகளே என்றாலும், மின்னழுத்தம் (1.8, 1.5 வோல்ட்) வேறு; வெட்டுப்பள்ளம் இருக்கும் இடமும் வேறுபடுவதால் ஒன்று மற்றொன்றின் ஸ்லாட்டில் அமராது.

பழுதான ரேம் கோப்புகளை ஓசையின்றிச் சிதைத்துவிடும் ஆதலால், காப்புப்படியை அதே கணினியில் எடுக்காமல், ஹார்டு டிஸ்கைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்து எடுப்பதே பாதுகாப்பானது.