நீரைக் கண்டு நடுங்கும் குழந்தை

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் மாலை, கடலூர் தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில் சற்று உலவச் சென்றிருந்தேன். சிறுவர் பலர் அலைகளோடு ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தனர். ஒரு சிறுவன் மட்டும் தாயின் முந்தானையை இறுகப் பற்றியபடி உலர்ந்த மணலில் நின்றான். வயது நான்கு இருக்கும். அலை கரையேறும் ஒவ்வொரு முறையும் அவன் தன் முகத்தைத் தாயின் சேலையில் புதைத்துக்கொண்டான்.

"இவனுக்குத் தண்ணீர் என்றாலே நடுக்கம், சாமி. வீட்டில் தலைக்கு ஊற்றினால்கூடத் தெருவுக்கே கேட்கும்படி அலறுகிறான். ஏதாவது வழி சொல்லுங்கள்" என்றார் அந்தத் தாய்.

"நீ கடலில் கால் நனைத்து எத்தனை ஆண்டுகள் ஆயின, அம்மா?" என்று கேட்டேன்.

அவர் உடனே விடை கூறவில்லை. பின்னர் தாழ்ந்த குரலில், "சுனாமிக்குப் பிறகு இறங்கவே இல்லை, சாமி" என்றார். அப்போது அவருக்கு வயது எட்டு. தந்தையின் தோளில் இருந்தவாறு பின்னால் திரும்பிப் பார்த்தாராம். பார்த்ததை இன்றுவரை மகனிடம் சொன்னதில்லை. ஆயினும் அலை எழும்போதெல்லாம் மகனின் கையைப் பற்றியிருந்த அவரது கை இறுகியதை நான் கண்டேன். அச்சத்தைக் கற்பிக்கச் சொற்கள் தேவையில்லை. ஒரு கையின் இறுக்கமே போதும்.

அச்சம் எங்கிருந்து வருகிறது?

ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகள் நீருக்கு அஞ்சுவது புதுமையன்று. கண்ணில் சோப்பு பட்ட எரிச்சல், வழுக்கி விழுந்த அதிர்ச்சி, மூக்கில் நீர் ஏறிய திணறல், இவற்றுள் ஒன்றே போதும். நம் வீடுகளில் பாட்டிமார் காலை நீட்டிக் குழந்தையைக் கிடத்தி, பதமாக நீரூற்றிக் குளிப்பாட்டுவர். அந்த மடியின் கதகதப்பிலிருந்து குழந்தை திடீரெனக் குளியலறைத் தரையில் தனியே நிறுத்தப்படுகிறது. வேலைக்குச் செல்லும் அவசரத்தில் நாமும் செம்பு செம்பாக மொண்டு தலையில் கொட்டுகிறோம். குழந்தைக்கு அது குளியலன்று, மூச்சுத் திணறல்.

நம் நாவும் தன் பங்கைச் செய்கிறது. "அடம்பிடித்தால் கிணற்றில் தூக்கிப் போட்டுவிடுவேன்," "குளத்துப் பக்கம் போனால் பூதம் பிடித்துக்கொள்ளும்" என்றெல்லாம் மிரட்டுகிறோம். பிறகு ஒரு நாள், "தண்ணீரைக் கண்டு ஏன் அழுகிறாய்?" என்று அதே குழந்தையைக் கடிந்துகொள்கிறோம்!

கடல் கற்பித்த பாடம்

2004 டிசம்பர் 26. கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள். திருக்குடும்பத் திருநாளாகிய ஞாயிறு. அன்று காலை எழுந்த ஆழிப்பேரலை கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம், சாமியார்பேட்டை, சிதம்பரத்தை அடுத்த கிள்ளைப் பகுதி என ஒவ்வோர் ஊரிலும் அழுகுரல் கேட்டது. கடலின் மடியில் வளர்ந்த குழந்தைகளே கடலைக் கண்டு அஞ்சும் நிலை உண்டாயிற்று.

அந்நாள்களில் பெங்களூரு தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனத்தார் தமிழகக் கடற்கரை ஊர்களில் பணியாற்றிய தொண்டர்களுக்குப் பயிற்சி அளித்தனர். குழந்தைகளிடம் "பயப்படாதே" என்று போதிக்க வேண்டாம். ஓவியம், விளையாட்டு, கதை, பாட்டு ஆகியவற்றின் வழியே அவர்கள் மனத்தில் உள்ளதை வெளிக்கொணருங்கள் என்பதே அப்பயிற்சியின் சாரம். அடக்கி வைத்த அச்சம் வளரும். பகிர்ந்துகொண்ட அச்சம் தணியும். பெரியோர் துயருக்கும் இது பொருந்தும்.

சிதம்பரத்துக்குக் கிழக்கே அமைந்த பிச்சாவரத்துக் காடுகள் மற்றொரு பாடத்தைக் கற்பித்தன. உப்பங்கழி நீரிலேயே வேரூன்றி நிற்பவை அம்மரங்கள். தில்லை என்று சிதம்பரம் பெயர் பெறக் காரணமான தில்லை மரமும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. பேரலை வந்தபோது அடர்ந்த சதுப்புக் காடுகளின் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததைப் பின்னர் அறிஞர்கள் ஆராய்ந்து உறுதி செய்தனர். நீர் அழிக்கவும் செய்யும். அந்நீரிலேயே வளர்ந்தவை காக்கவும் செய்யும். குழந்தைக்கு இவ்விரண்டையும் சேர்த்தே சொல்லுவது நேர்மை.

படிப்படியாகப் பழக்குதல்

நம் ஊர்களில் ஒரு பழைய வழக்கம் உண்டு. நீச்சல் தெரியாத சிறுவனைக் கிணற்றிலோ வாய்க்காலிலோ எதிர்பாராமல் தள்ளிவிடுவது! அவ்வாறு கற்றுத் தேர்ந்தவர்கள் பெருமையாகப் பேசுகின்றனர். வாழ்நாள் முழுவதும் நீரை வெறுத்தவர்கள் பேசுவதில்லை. அதே கிணற்றடியில் நல்ல வழக்கமும் இருந்தது. இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி, தந்தையோ தாய்மாமனோ முதலில் தாம் இறங்கி, பின்னர் பிள்ளையைக் கையில் ஏந்திக்கொள்வது. இரண்டாவது வழியையே அறிவியலும் ஆதரிக்கின்றது. 1924இல் அமெரிக்க உளவியலறிஞர் மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டு அஞ்சிய ஏறத்தாழ மூன்று வயதுச் சிறுவனைக் குறித்து எழுதினார். அவன் விருப்பமான உணவை உண்ணும்போது முயலைச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தனர். அஞ்சாத பிற குழந்தைகளையும் உடன் வைத்தனர். இறுதியில் அவனே அதைத் தொட்டுத் தடவினான்.

இதையே நாமும் வீட்டில் செய்யலாம். செம்பை முதலில் குழந்தையின் கையில் கொடுங்கள். பொம்மையை அதுவே குளிப்பாட்டட்டும். அகன்ற தாம்பாளத்தில் நீரூற்றிக் காலை நனைக்கட்டும். உடம்புக்கு ஊற்றும்போது பாதத்தில் தொடங்கித் தோள்வரை வந்து, கடைசியாகத் தலைக்கு வாருங்கள். ஊற்றுமுன் சொல்லிவிட்டு ஊற்றுங்கள். கண்ணைத் துடைக்க உலர்ந்த துணி அருகில் இருக்கட்டும். கிண்ணத்து நீரில் வாயால் ஊதிக் குமிழி எழுப்பும் விளையாட்டு, முகத்தை நனைக்கும் துணிவைத் தரும். சிரிப்பு மாறுமுன் நிறுத்திவிடுங்கள்; நாளை அதுவே கேட்கும். "தங்கை அழவில்லையே, நீ அழுகிறாயே" என்று ஒப்பிடாதீர்கள்.

வீட்டில் அச்சம் தணிந்தபின் வெளியே அழைத்துச் செல்லலாம். அப்போது நீங்களே முதலில் இறங்க வேண்டும். கரையில் நின்றுகொண்டு "போ, போ" என்பது பயன் தராது. பிச்சாவரத்தில் பாதுகாப்பு உடை அணிவித்து, மடியில் இருத்திப் படகில் செல்வதும் நல்ல தொடக்கம். அங்கே அலை இல்லை. கையை நீட்டித் தொடும் தூரத்தில் அமைதியான நீர்.

அச்சம் நீங்கினால் மட்டும் போதுமா?

போதாது. 2022 ஜூன் 5ஆம் நாள், நெல்லிக்குப்பத்தை அடுத்த குச்சிப்பாளையத்தில் கெடிலம் ஆற்றில் குளிக்க இறங்கிய சிறுமியரும் இளம்பெண்களுமாக 7 பேர் மூழ்கி இறந்தனர். அச்சமின்மை வேறு, நீச்சல் அறிவு வேறு. நீரில் மூழ்கி 2021இல் உலகெங்கும் சுமார் 3 இலட்சம் பேர் இறந்ததாகவும், அவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் 5 வயது நிரம்பாத குழந்தை என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் கணித்துள்ளது. மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கூவி அழைப்பதில்லை, ஓசையின்றி மூழ்கிவிடுகிறது. ஒரு வாளி நீரும் தவழும் குழந்தைக்கு ஆபத்தே.

ஆகவே அச்சத்தை அகற்றும் இடத்தில் மூன்றை ஊன்றுங்கள். முதலாவது, பெரியவர் துணையின்றி நீரில் இறங்கலாகாது என்னும் மாறாத விதி. இரண்டாவது, மணல் அள்ளிய ஆற்றுக் குழிகளும் தடுப்பணை ஓரங்களும் கண்ணுக்குத் தெரியாத ஆழமுடையவை என்ற எச்சரிக்கை. மூன்றாவது, உரிய வயதில், தேர்ந்தவரிடம் முறையான நீச்சல். மகனுக்கு மட்டுமன்று, மகளுக்கும். "பெண்பிள்ளைக்கு எதற்கு?" என்ற கேள்விக்குக் கெடிலம் கொடிய விடை தந்துவிட்டது.

கடல்மீது நடந்த இராயப்பர் காற்றைக் கண்டு அஞ்சி மூழ்கத் தொடங்கியபோது, ஆண்டவர் முதலில் கையை நீட்டி அவரைப் பற்றிக்கொண்டார், "ஏன் ஐயுற்றாய்?" என்று கேட்டது அதற்குப் பின்னரே. பெற்றோராகிய நாம் பலமுறை இந்த வரிசையை மாற்றிவிடுகிறோம்.

அன்று மாலை அந்தத் தாயிடம் நான் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "மகனை விடு, அம்மா. முதலில் நீ கால் நனைத்துப் பார்" என்றேன். அவர் வெகுநேரம் நின்றார். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஈர மணல்வரை சென்றார். ஒரு சிறிய அலை வந்து அவர் பாதத்தை நனைத்துத் திரும்பியது. அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். உலர்ந்த மணலில் நின்ற சிறுவன் தாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த அலைக்கு முன் அவன் இரண்டடி முன்னே வந்தான். அதற்கு மேல் வரவில்லை. அன்றைக்கு அது போதும்.