நல்லோர் நெஞ்சில் தப்பெண்ணம்

கதையிலும் நாடகத்திலும் வரும் மாந்தரை நல்லோர் என்றும் தீயோர் என்றும் இரு கூறாகப் பிரித்துவிடுதல் எளிது. இளமையிற் பாட்டியரிடம் கேட்ட கதைகள் நம்மை அவ்வாறே பழக்கியுள்ளன. அக்கதைகளில் அரக்கன் முற்றும் கொடியவன். அரசகுமாரன் குறையொன்றும் இல்லாதவன். ஆயின் பெரும்புலவர் படைத்த மாந்தரை ஊன்றி நோக்குவார்க்கு இப்பகுப்பு நெடிது நில்லாது. ஈகையும் வாய்மையும் நட்பும் நிறைந்தவனாக ஒருவன் தோன்றுகின்றான். அவனே ஒரு குலத்தாரையோ, ஓர் இனத்தாரையோ, ஒரு சமயத்தாரையோ கண்டவிடத்து முகஞ் சுளித்து நெஞ்சு சுருங்குகின்றான். இத்தகையோனை நல்லவன் என்பதா, தீயவன் என்பதா? இவ்வினாவை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

தப்பெண்ணம் என்று யாம் கூறுவது யாது என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும். ஒருவரோடு பழகி அவர் இயல்பை அறியுமுன்னரே, அவர் பிறந்த குடி, பேசும் மொழி, தொழும் முறை, உடலின் நிறம், செல்வநிலை முதலியவற்றைக் கொண்டு அவர் இத்தகையர் என்று முடிவு கட்டிவிடுதலே தப்பெண்ணமாம். இது வெறும் அறியாமையன்று. தன் அறியாமையை உணர்ந்தவன் பிறரைக் கேட்டுத் தெளிவான். தப்பெண்ணமுடையவனோ தான் அறிந்துவிட்டதாகவே நம்புதலின் ஒருவரையுங் கேளான். இது வெறும் பகையுமன்று. பகை தோன்றுதற்கு ஒருவன் செய்த தீங்கு வேண்டும். தப்பெண்ணம் தோன்றுதற்கு அதுவும் வேண்டுவதில்லை. ஆதலின் அன்புடைய நெஞ்சிலும் இது குடிபுகுதல் கூடும். புகுந்தபின் அந்நெஞ்சின் நற்பண்புகளையே தனக்கு மறைவிடமாகக் கொண்டு நெடுங்காலம் வாழ்தலுங் கூடும்.

இதன் மிக எளிய வடிவை நம் கம்பநாடர் காட்டுகின்றார். கங்கைக்கரை வேடர் தலைவனாகிய குகன் இராமனிடத்துப் பேரன்பு பூண்டவன். இராமனை மீட்டழைத்துச் செல்லும் பொருட்டுப் பரதன் சேனையோடு எதிர்க்கரையில் வந்து நின்றபோது, கைகேயியின் மகன் படையோடு வருவது இராமனைக் கொல்லுதற்கே என்று குகன் துணிந்துவிடுகின்றான். தன் வீரரைப் போருக்கு எழுப்புகின்றான். இராமன்பால் அவன் வைத்த அன்பே அவனுடைய தப்பெண்ணத்திற்குத் துணையாயிற்று. பின்னர், மரவுரி தரித்து மேனி வாடி இராமன் சென்ற திசை நோக்கித் தொழுது நிற்கும் பரதனை அவன் காண்கின்றான். கண்ட அளவிலே கையிலிருந்த வில் நழுவி விழுகின்றது.

குகனது ஐயம் ஒரு பொழுதில் எழுந்து அப்பொழுதே தீர்ந்தது. தொட்டிலிற் கிடந்த நாள் முதலாக ஊட்டப்பெற்ற தப்பெண்ணமோ ஒரு காட்சியால் தீர்வதன்று. அத்தகைய தப்பெண்ணத்தைச் சுமந்த நல்லோர் மூவரை, நம் மாணவர் பலரும் அறிந்த ஆங்கில நூல்கள் மூன்றிலிருந்து எடுத்துக்கொள்வாம்.

முதலாமவன் டார்சி. ஜேன் ஆஸ்டின் அம்மையார் 1813-இல் வெளியிட்ட, 'செருக்கும் தப்பெண்ணமும்' என்று தமிழிற் கூறத்தக்க நாவலின் தலைவன் இவன். ஆண்டுக்கு 10,000 பவுன் வருவாயும் பெம்பர்லி என்னும் பெருமனையும் உடையவன். ஒரு சிற்றூரின் நடன மன்றத்தில் எலிசபெத் பென்னட் என்னும் நங்கையை அவள் செவிப்படவே எளிதாகப் பேசுகின்றான். பின்னர் அவளையே காதலிக்கின்றான். காதலித்தும், தன்னை மணக்குமாறு வேண்டும் அப்பொழுதே அவளுடைய சுற்றத்தாரின் தாழ்நிலையை விரித்துரைக்கின்றான். தான் உள்ளதை உள்ளபடி உரைப்பதாகவே அவன் கருதுகின்றான். எலிசபெத் மறுத்துவிடுகின்றாள், அவன் பேசிய முறை பண்புடையார்க்கு ஏற்றதன்று எனவும் இடித்துரைக்கின்றாள்.

இவன் தீயவனோ எனின், அல்லன். பெம்பர்லி மனையைக் காணச் சென்ற எலிசபெத்திடம், அவனை நான்கு வயது முதல் அறிந்த மூதாட்டியொருத்தி, அம்மனையின் பொறுப்பை ஏற்றிருப்பவள், அவன் ஒரு நாளும் கடுஞ்சொற் கூறியதில்லை என்று மனமுவந்து சான்று பகர்கின்றாள். பணியாளர், குடியானவர், தங்கை, நண்பர் என்னும் வட்டத்துள் அவன் என்றும் நல்லவனே. அவ்வட்டத்துக்கு வெளியே நின்றோரே அவன் செருக்கைக் கண்டனர். எலிசபெத்தும் குற்றமற்றவளல்லள், விக்காம் என்பவனுடைய இன்சொல்லை நம்பி, டார்சியைக் கொடியவன் என்று ஆராயாது துணிந்தவள் அவள். அவளது கடிந்துரையை அவன் மறவாது எண்ணிப் பார்த்தான். அவன் எழுதிய திருமுகத்தை அவள் மீண்டும் மீண்டும் படித்தாள். லண்டனில் வாணிகஞ் செய்யும் அவளுடைய தாய்மாமனைப் பெம்பர்லியில் எதிர்ப்பட்ட டார்சி, அவரை அன்போடு உபசரித்துத் தன் ஓடையில் மீன் பிடிக்க வருமாறும் அழைக்கின்றான். தப்பெண்ணம் தீர்ந்தமைக்கு இச்சிறு செயலினும் சிறந்த சான்று வேண்டா.

இரண்டாமவன் ஹக்கிள்பரி பின் என்னும் சிறுவன். மார்க் ட்வெய்ன் எழுதிய இக்கதை இங்கிலாந்தில் 1884-இலும் அமெரிக்காவில் 1885-இலும் வெளிவந்தது. அமெரிக்காவில் அடிமைமுறை 1865-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கதையோ அதற்கு முற்பட்ட காலத்தில் நிகழ்வது. ஜிம் என்னும் அடிமை, தன் தலைவி தன்னை 800 டாலருக்குத் தெற்கே விற்க எண்ணுவதைக் கேட்டு ஓடிப்போகின்றான். குடிகாரத் தந்தையின் கொடுமைக்கு அஞ்சி ஹக்கும் ஓடிப்போகின்றான். இருவரும் ஒரு தெப்பத்தில் மிஸ்ஸிஸிப்பி யாற்றின் வழியே செல்கின்றனர்.

ஓரிரவு மூடுபனியில் இருவரும் பிரிந்துவிடுகின்றனர். ஹக் மாண்டானென்று எண்ணிக் கதறிக் களைத்து ஜிம் உறங்குகின்றான். திரும்பி வந்த ஹக், பனியும் பிரிவும் யாவும் ஜிம் கண்ட கனவே என்று ஏமாற்றி நகைக்கப் பார்க்கின்றான். தெப்பத்தின்மீது கிடந்த சருகையும் முறிந்த துடுப்பையும் கண்டு உண்மையறிந்த ஜிம், நண்பனை இவ்வாறு நாணச் செய்பவன் குப்பைக்கு ஒப்பானவன் என்று நேரே கூறிவிட்டு அகல்கின்றான். ஓர் அடிமையிடம் சென்று பணிந்து மன்னிப்புக் கேட்க ஹக்குக்குக் கால்மணி நேரம் பிடிக்கின்றது. ஆயினும் கேட்கின்றான், கேட்டமைக்குப் பின் ஒருபோதும் வருந்தவுமில்லை. அந்தக் கால்மணி நேரம் அவன் கற்ற தப்பெண்ணத்தின் அளவு. அதன்பின் அவன் எழுந்து சென்றமை அவன் நெஞ்சின் அளவு.

இதனினும் பெரிய சோதனை பின்னர் வருகின்றது. ஓடிய அடிமைக்குத் துணை செய்தல் திருட்டு என்றும், திருடுவோர்க்கு நரகம் என்றும் அவன் கற்பிக்கப்பட்டவன். ஆதலின் ஜிம் இருக்குமிடத்தை அறிவித்து அவனுடைய தலைவிக்குக் கடிதம் எழுதுகின்றான். எழுதியவுடன் பாவம் நீங்கியதாக ஆறுதலும் அடைகின்றான். பின்னர், ஜிம் தன்னை உறங்கவிட்டு இரவெல்லாம் தானே காவல் காத்தமை நினைவுக்கு வருகின்றது. நரகமே வரினும் வருக என்று துணிந்து அக்கடிதத்தைக் கிழித்தெறிகின்றான். தான் செய்வது நன்று என்று அவன் கருதவில்லை என்பதே இதில் உற்று நோக்கத்தக்கது. அவனது அறிவு கோணலாகவே நின்றது. அன்பு மட்டும் நேரே நடந்தது. இதன்பின்னும் அவன் முற்றும் திருந்தினானல்லன். கப்பலில் நீராவிப் பொறி வெடித்ததாக அவன் கட்டிச் சொன்ன பொய்யைக் கேட்ட அம்மையார் ஒருவர், எவர்க்கேனும் தீங்குண்டோ என வினவுகின்றார். கறுப்பன் ஒருவன் இறந்தானேயன்றி வேறு எவர்க்கும் தீங்கில்லை என்று கூச்சமின்றி விடை கூறுகின்றான். ஜிம் ஒருவனை அவன் மனிதனாக அறிந்தான். ஜிம்மின் இனத்தாரை அவ்வாறு அறிந்திலன்.

மூன்றாமவன் ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்துவரும் அந்தோனியோ. 1600-இல் முதன்முதல் அச்சேறிய இந்நாடகத்தில் நட்புக்கு இலக்கணமாய் நிற்பவன் இவன். வட்டி வாங்காது கடன் கொடுப்பவன். நண்பன் பஸ்ஸானியோவின் பொருட்டு 3,000 டக்கட் பொன்னுக்குத் தன் உடலினின்று ஒரு ராத்தல் தசையையே ஈடாக வைப்பவன். ஆயின் இவனே ஷைலக் என்னும் யூதனைப் பலர் முன்னிலையில் நாயென்று ஏசி, அவன்மீது உமிழ்ந்தவன். கடன் கேட்கச் சென்றவிடத்து ஷைலக் இதனை எடுத்துக் கூற, இனியும் அவ்வாறே செய்வேன் என்கின்றான். வழக்கில் வென்றபின், ஷைலக் தன் சமயத்தை விட்டுக் கிறிஸ்தவனாதல் வேண்டும் என்று விதிக்கின்றான். அதனை இரக்கம் என்றும் எண்ணுகின்றான். உள்ளம் ஒருப்படாத ஒருவனை அச்சுறுத்திப் பெறும் மனமாற்றம் கிறிஸ்தவத்துக்குப் பெருமையன்று என்பதைக் கிறிஸ்தவராகிய யாம் கூறாது விடுதல் தகாது.

இந்நாடகம் எழுந்த நாட்டின் நிலையையும் ஈண்டு நினைத்தல் நலம். இங்கிலாந்தினின்று யூதர் 1290-இல் வெளியேற்றப்பட்டனர். மீண்டும் அங்கு வாழ இடம் பெற்றது 1656-ஐ ஒட்டியே. ஆதலின் ஷேக்ஸ்பியரின் நாடகத்தைக் கண்டோருள் மிகப் பலர், தம் சமயத்தை வெளிப்படையாகக் கைக்கொண்டு வாழும் யூதர் ஒருவரையேனும் தம் நகரிற் கண்டவரல்லர். அங்ஙனமிருந்தும் அப்பெரும்புலவர், தானும் பிறரைப் போன்றே உடலும் உணர்வும் உடையவன் என்று ஷைலக் முறையிடும் பேச்சொன்றை அமைத்தார். ஆனால் அப்பேச்சு நிகழும்போது அந்தோனியோ அரங்கில் இல்லை. அவனுடைய நண்பர் இருவர் கேட்கின்றனர். அவரும் மறுமொழி கூறுமுன் ஓர் ஏவலாளன் வந்து அவரை அழைத்துச் சென்றுவிடுகின்றான். கேட்டிருக்க வேண்டியவன் கேளாமலே நாடகம் முடிகின்றது.

இந்நால்வரையும் ஒருங்கு வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். அந்தோனியோ ஏனையோரினும் அன்பிற் குறைந்தவனல்லன். நண்பனுக்காக உயிரையே கொடுக்கத் துணிந்தவன். ஆகவே ஒருவனிடத்துள்ள நற்பண்பின் அளவைக் கொண்டு அவனது தப்பெண்ணம் தீருமென்று கூறுதல் இயலாது. குகன் பரதனைக் கண்டான். டார்சி எலிசபெத்தின் சொல்லைக் கேட்டான். ஹக் ஜிம்மோடு ஒரு தெப்பத்தில் உண்டு உறங்கினான். தான் இகழ்ந்தவரைத் தனக்கு ஆசிரியராக ஏற்றவனே தெளிந்தான். அந்தோனியோ ஏற்கவில்லை, ஆதலின் அவனுடைய நற்பண்பு தன் வேலியைத் தாண்டவில்லை.

இத்தகைய மாந்தரைப் பற்றி நாம் இரு வகையிற் பிழைபடுதல் கூடும். தப்பெண்ணம் உடைமையால் அவரை முற்றுந் தீயோர் என ஒதுக்குதல் ஒன்று. அவ்வாறு ஒதுக்கின், தப்பெண்ணம் என்பது கொடியோர்க்கே உரியது, நமக்கு அதனோடு தொடர்பில்லை என்னும் பொய்யான ஆறுதலே எஞ்சும். கொடியவன் ஒருவனது வெறுப்பைப் படிப்போர் தம்மை அவனிடத்துக் காணார்; நல்லவன் ஒருவனது வெறுப்பைப் படிப்போரே திடுக்குற்றுத் தம்மை நோக்குவர். பெரும்புலவர் இத்தகையோரைப் படைத்ததன் பயன் இதுவே.

அக்காலத்தார் அனைவரும் அவ்வாறே எண்ணினர், ஆதலின் அவர்மேற் குற்றமில்லை என்று கூறிவிடுதல் மற்றொன்று. இவ்வாறு கூறுவோர் அக்காலத்தாருள் ஜிம்மையும் ஷைலக்கையும் எண்ணாது விடுகின்றனர். இகழப்பட்டோரும் அக்காலத்தவரே, தமக்கு இழைக்கப்படுவது தீங்கு என்பதை அவர் அன்றே அறிந்திருந்தனர். கேட்பாரின்மையே குறை.

நம் நாட்டிற் குலம் பற்றிய தப்பெண்ணம் பல தலைமுறையாக வேரூன்றியுள்ளது. கிறிஸ்தவ சபைகளுள்ளும் அது புகுந்திருத்தல் யாவரும் அறிந்ததே. அதனைப் பேணுவோர் எல்லாரும் கொடியோராயின் அது என்றோ ஒழிந்திருக்கும். விருந்தோம்புவோரும், ஏழை மாணாக்கர்க்கு உதவுவோரும், தவறாது செபஞ் செய்வோரும் அதனைத் தம் இல்லங்களிற் காத்து வருதலின் அது நெடிது வாழ்கின்றது. அவருடைய ஈகை பொய்யன்று, செபமும் பொய்யன்று. அவற்றால் அவரது தப்பெண்ணத்திற்கு மதிப்புக் கிடைத்துவிடுகின்றது என்பதே துயரம். பல குலத்தாரும் பல சமயத்தாரும் ஒரு வகுப்பில் அமர்ந்து, ஒரு விடுதியில் உண்டு பயிலும் கல்லூரி வாழ்வு, ஹக்குக்கு வாய்த்த தெப்பத்தை ஒத்தது. அதில் ஒரு நண்பனை மட்டும் விலக்காகக் கொண்டு, அவனுடைய இனத்தாரைப் பழைய கண்ணாலேயே நோக்கிக்கொண்டு கரையேறுதலும் கூடும். நெஞ்சு ஒருவனிடத்துக் கற்றதை அறிவு எல்லாரிடத்தும் செலுத்துமாயின், அன்றே கற்ற கல்வி நிறைவுறும்.

ஆகவே, முதலில் எழுப்பிய வினாவுக்கு எம் விடை இது: டார்சியும் ஹக்கும் அந்தோனியோவும் நல்லோரே, ஆயின் அவர் நன்மை அவரால் இகழப்பட்டோரைச் சென்று சேரும்வரை அரைகுறையானதே. ஒருவன் நல்லவனா என்பதை அவனுடைய நண்பரைக் கேட்டு அறிதல் எளிது. அவன் விலக்கி நிறுத்தியவரையும் கேட்டு அறிதலே நீதியாம்.