வண்டி ஏன் கிளம்பவில்லை?

நம்மவர் இல்லங்கள் சிலவற்றின் வாசலில் இன்றும் ஒரு பழைய மோட்டார் வண்டி நிற்கக் காண்கிறோம். கல்கத்தாவிலாயின் அது பெரும்பாலும் பக்கத்து உத்தர்பாராவில் பிறந்த அம்பாஸடர். பம்பாயிலாயின் குர்லாவில் உருவான பத்மினி. எங்கேனும் ஓரிடத்தில், நம் சென்னையிலிருந்தே வந்து சேர்ந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அம்பாஸடர் உற்பத்தி 2014-இல் நின்றுபோயிற்று. மற்ற இரண்டும் அதற்கு நெடுநாள் முன்னரே நின்றுவிட்டன. ஆகவே இவ்வண்டிகளை அறிந்த கைகள் ஆண்டுக்கு ஆண்டு அருகி வருகின்றன. கணினியைச் செருகிக் குறையைப் படிக்கக் கற்ற இளைஞர், செருகுவதற்கு இடமே இல்லாத வண்டியைக் கண்டு திகைத்து, "பாட்டரியை மாற்றிப் பாருங்கள்" என்று கூறிவிடுகிறார். மாற்றிப் பார்க்கும் செலவு வீட்டுக்காரருடையது.

ஊரிலிருந்து வரும் பெற்றோரை அழைத்துவர விடியற்காலையில் ரயில் நிலையத்துக்குப் புறப்படும்போதுதான் இவ்வண்டிகள் முரண்டு பிடிக்கும். அப்போது பதற்றம் கூடாது. முதற்கண் ஒன்றைத் தெளிந்துகொள்ள வேண்டும்: எஞ்சின் சுற்றவே இல்லையா, அல்லது சுற்றியும் பற்றவில்லையா? "கிளம்பவில்லை" என்ற ஒரே சொல்லில் இரண்டையும் அடக்கிவிடுகிறோம். ஆனால் இவை தலைவலியும் வயிற்றுவலியும் போல வேறுவேறு நோய்கள்.

சுற்றவில்லையெனில், முகப்பு விளக்குகளை ஏற்றிவைத்து செல்ஃபை இயக்கிப் பாருங்கள். விளக்கு மங்கி அணையும் நிலைக்கு வந்தால், பெரும்பாலும் பாட்டரி வற்றியிருக்கும். அல்லது அதன் முனைகளில் பூத்த வெண்பச்சைப் பொடி மின்சாரத்தைத் தடுத்துக்கொண்டிருக்கும். வண்டி ஓய்ந்து நிற்கையில் பாட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2-க்கும் கீழே எனில் பாதிக்கு மேல் வற்றிவிட்டது. பொடியைச் சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவி, முனைகளைத் துடைத்து இறுக்கிச் சிறிது வாஸலைன் தடவினால் போதும். சோடா நீர் பாட்டரியின் அறைகளுக்குள் புகாமல் மட்டும் பார்த்துக்கொள்க.

விளக்கு சற்றும் மங்காமல் செல்ஃப் மட்டும் மௌனம் சாதித்தால், பாட்டரியின் மேல் பழி போடுவது நியாயமன்று. மாட்டுங்காவில் ஒரு குடும்பத்தார் ஒரே மழைக்காலத்தில் இரண்டு பாட்டரிகள் வாங்கினார்கள். பழையதும் நல்லதே, புதியவையும் நல்லவையே. எஞ்சின் ரப்பர் மெத்தைகளின் மேல் அமர்ந்திருப்பதால், செல்ஃபுக்குச் சென்ற மின்சாரம் வண்டியின் உடலுக்குத் திரும்ப ஒரு செப்புப் பட்டை உண்டு. எர்த் பட்டை என்பார்கள். அதன் நுனி துருவேறி இருந்தது. விளக்குக்கு இந்த வழி தேவையில்லை, அது ஒளிர்ந்தது. நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும் செல்ஃபுக்கோ வழியே இல்லை. பாட்டரியின் எர்த் முனையிலிருந்து ஒரு தடித்த ஒயரை நேரே எஞ்சின் இரும்பில் பொருத்தியதும் செல்ஃப் சுழன்றது. உப்புக்காகிதம் கொண்டு நுனியைத் தேய்த்ததோடு சிகிச்சை முடிந்தது.

ஹாண்டில் போடும் துளையுள்ள அம்பாஸடராயின் அதையும் முயலலாம். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்க வேண்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால் முறிவது அந்த விரல்தான்.

எஞ்சின் சுறுசுறுப்பாகச் சுற்றியும் பற்றவில்லையெனில், பொறியையும் பெட்ரோலையும் ஆராய வேண்டும். பொறியை முதலில் பார்ப்பதே என் கட்சி; பெரும்பாலும் குறை அங்கேதான். ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் ஒயரில் மாட்டி, பிளக்கின் உடல் எஞ்சின் இரும்பைத் தொடுமாறு கிடத்தி, பிறரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீலப் பொறி பறந்தால் நன்று. பல்லாயிரம் வோல்ட் பாய்வதால் கையால் பிடிக்கலாகாது. பெட்ரோல் வாடை அடிக்கும் இடத்தில் இச்சோதனையே ஆகாது.

பொறி இல்லையா? பம்பாய் ஆடி மழையில் முதற் குற்றவாளி டிஸ்ட்ரிப்யூட்டர் மூடிதான். உட்புறம் வியர்த்து, மின்சாரம் ஈரத்தின் வழியே ஓடிவிடும். உலர்ந்த துணியால் மூடியையும் ஒயர்களையும் துடைத்தாலே பாதி வண்டிகள் கிளம்பிவிடும். மூடியில் மயிரிழை போன்ற கருங்கோடு தெரிந்தால் அது விரிசல், மாற்றத்தான் வேண்டும். அடுத்துப் பாயிண்ட். முகம் கருகியிருந்தால் மெல்லத் தேய்த்து, நன்கு விரியும் நிலையில் இடைவெளியைச் சுமார் 0.4 மில்லிமீட்டராக வைக்க வேண்டும். அடிக்கடி கருகினால் கன்டென்ஸரைச் சந்தேகிக்கவும். அது சிறிய பொருள், விலையும் சொற்பம். ஆயினும் அதை யாரும் நினைப்பதில்லை.

பொறி நன்றாயிருந்தால் பிளக்கின் நுனியே பெட்ரோலின் கதையைச் சொல்லும். நனைந்திருந்தால் சோக்கை மிகுதியாக இழுத்ததால் எஞ்சின் மூழ்கிவிட்டது. சோக்கை உள்ளே தள்ளி, ஆக்ஸிலரேட்டரை முழுதும் அழுத்தியபடியே செல்ஃப் அடியுங்கள். உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை: பம்பின் சவ்வு கிழிந்திருக்கலாம், வடிகட்டி அடைத்திருக்கலாம். நாக்பூர்க் கோடையில் ஓடி நின்ற வண்டி மீண்டும் மறுத்தால், குழாயினுள் பெட்ரோல் ஆவியாகியிருக்கக்கூடும். ஈரத்துணியைச் சுற்றிச் சற்றுப் பொறுத்தால் சரியாகும்.

மாதக்கணக்கில் நின்ற வண்டிக்கு இப்போது ஒரு புதுத் தொல்லை சேர்ந்திருக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் சவ்வையும் அது கெடுக்கவல்லது. அத்தகைய வண்டியில், காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்குச் செல்லும் குழாயை விடுவித்து, பம்ப் தள்ளும் பெட்ரோலை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்துச் சற்று நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் நீர் தனியே பிரிந்து நின்றால், தொட்டியை வடித்துக் கழுவிய பிறகே மறுபடியும் சாவியைத் தொடலாம்.