கோடைச் சுற்றுலாவும் டிரையத்லான் பயிற்சியும்

கோடை விடுமுறை தொடங்கியதும் எங்கள் புறநோயாளர் பிரிவில் கேட்கப்படும் வினாக்களின் தன்மை மாறிவிடுகிறது. கொடைக்கானலுக்குப் போகலாமா, இன்சுலினை எப்படி எடுத்துச் செல்வது, அருவியில் குளிக்கலாமா என்பவை ஆண்டுதோறும் வருபவை. அண்மைக் காலமாக இவற்றோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. நீரிழிவையோ இரத்த அழுத்தத்தையோ கட்டுக்குள் கொண்டுவந்துவிட்ட நடுத்தர வயதினர் சிலர், டிரையத்லான் போட்டிக்குப் பயிற்சி எடுக்க விரும்புவதாகக் கூறுகின்றனர். அருகில் அமர்ந்திருக்கும் மனைவியோ மகனோ, “வேண்டாமென்று நீங்களே சொல்லுங்கள், டாக்டர்” என்கின்றனர். இவ்விரு தரப்பினருக்கும் சேர்த்தே இதனை எழுதுகிறோம்.

நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் இடையில் ஓய்வின்றி ஒன்றன்பின் ஒன்றாக முடிப்பதே டிரையத்லான். 1974ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் தொடங்கிய இவ்விளையாட்டு, 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. மிதிவண்டி, 42.2 கி.மீ. ஓட்டம் என்னும் ‘அயன்மேன்’ கணக்கைக் கேள்விப்பட்டு வீட்டார் அஞ்சுவது இயல்பே. ஆனால் தொடக்கநிலையினருக்கு உரியது ‘ஸ்பிரிண்ட்’ எனப்படும் குறுந்தொலைவுப் போட்டி: 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. மிதிவண்டி, 5 கி.மீ. ஓட்டம். இதைவிடக் குறைந்த தொலைவுகளிலும் போட்டிகள் நடத்தப்படுகின்றன.

பெரும்பாலோருக்கு நாங்கள் கூறும் விடை இதுதான்: பயிற்சியை இக்கோடையில் தொடங்கலாம், போட்டியைக் கோடையில் வைத்துக்கொள்ள வேண்டாம். நான்கைந்து மாதங்கள் நிதானமாகப் பயின்று, மழைக்காலம் கழிந்தபின் வரும் குளிர்ந்த மாதங்களில் முதற்போட்டிக்குப் பெயர் கொடுப்பதே பொருத்தம். இதய நாளத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள், உழைக்கும்போது நெஞ்சு வலியோ மூச்சிரைப்போ மயக்கமோ கண்டவர்கள், குடும்பத்தில் இளம் வயதில் திடீர் மரணம் நேர்ந்தவர்கள் ஆகியோர் மட்டும் பரிசோதனைக்கு முன் ஒரு கிலோமீட்டர்கூட ஓட வேண்டாம். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் கட்டுப்பாட்டில் இருந்தாலும் தொடங்குமுன் ஒருமுறை எங்களைக் கண்டுவிட வேண்டும்.

இனிப் பயணத்திற்கு வருவோம். பயிற்சி அட்டவணையை அச்செடுத்துக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தவர்கள், திருமணமோ சுற்றுலாவோ குறுக்கிட்டால் நிலைகுலைந்து போவதைக் காண்கிறோம். விடுபட்ட நான்கு நாள் பயிற்சியை ஊர் திரும்பிய ஞாயிறன்று ஒரே மூச்சில் ஈடுகட்ட முயல்வார்கள். திங்களன்று முழங்கால் வலியுடன் எங்கள் முன் அமர்வார்கள். உண்மையில் ஒரு வார இடைவெளியால் உடற்திறன் பெரிதாகக் குறைந்துவிடாது. விடுபட்டதை விடுபட்டதாகவே விட்டுவிட்டு, அட்டவணையின் அடுத்த நாளிலிருந்து தொடர்வதே முறை. இரவெல்லாம் பேருந்தில் கண்விழித்த மறுநாள் ஓடுவதைவிட உறங்குவது நல்லது.

அதற்காகச் சுற்றுலாவை முழு ஓய்வாகக் கொள்ளவேண்டும் என்பதில்லை. கொடைக்கானல் ஏரியைச் சுற்றிச் செல்லும் சாலை ஏறத்தாழ 5 கி.மீ. நீளமுடையது, அங்கேயே மிதிவண்டி வாடகைக்குக் கிடைக்கும். பிள்ளைகளும் நண்பர்களும் ஒரு சுற்று வரட்டும். பயிற்சி எடுப்பவர் நான்கு சுற்று வந்தால் போட்டியின் 20 கி.மீ. கணக்கு நிறைந்துவிடும். ஒவ்வொரு சுற்று முடிவிலும் வேகவைத்த சோளத்தோடு குடும்பம் காத்திருக்கும் பயிற்சிக் களம் வேறெங்கு வாய்க்கும்? ஆயினும் அவ்வூர் கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் உள்ளது. அங்குக் காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் குறைவாதலால் அதே வேகத்திற்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும். முதல் இரண்டு நாள் நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பழனி வழியே செல்வோர், இதய நோய் இல்லாதவராயின், மலைப்படிகளை விரைவு பாராமல் ஏறலாம். இறங்கும்போதுதான் முழங்காலுக்கு வேலை அதிகம் என்பதால் அப்போது கைப்பிடியைப் பற்றிக்கொள்வது நல்லது.

மலையிலிருந்து இறங்கிய பிறகு ஒரு செய்தியை நினைவில் வைக்க வேண்டும். வெப்பத்தில் உழைக்க உடல் பழகுவதற்கு 10 முதல் 14 நாட்கள் ஆகின்றன. இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்குகிறது. வியர்வையில் உப்புக் குறைகிறது. குளிர்ந்த ஊரில் ஒரு வாரம் தங்கினால் இப்பழக்கத்தில் ஒரு பகுதி கரைந்துவிடும். எனவே திரும்பியதும் சென்னையின் மே மாதப் புழுக்கத்தில் பழைய வேகத்தில் ஓடக்கூடாது. மூன்று நான்கு நாட்களுக்குப் பாதி நேரம், விடியற்காலை, பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓடும் அளவு போதும். முழு வாக்கியம் பேச முடியவில்லையெனில் வேகம் மிகுந்துவிட்டது என்று பொருள். இரத்த அழுத்தத்திற்காக மெட்டோபுரோலால், பிசோபுரோலால் போன்றவற்றை உட்கொள்வோருக்குக் கைக்கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பைவிட இப்பேச்சுக் கணக்கே நம்பகமானது. அம்மருந்துகள் துடிப்பைத் தாழ்த்தி வைத்திருக்கும்.

வெப்பத் தாக்கு என்றால் வியர்வை வற்றிவிடும் என்றொரு நம்பிக்கை நிலவுகிறது. உழைப்பினால் வரும் வெப்பத் தாக்கில் உடல் வியர்வையில் நனைந்தே இருக்கக்கூடும். கவனிக்க வேண்டியது பேச்சையும் நடையையும்தான். ஓடிவந்தவர் தொடர்பின்றிப் பேசினாலோ, தள்ளாடினாலோ, எரிச்சலுற்றுக் கையைத் தட்டிவிட்டாலோ உடன் இருப்பவர் தயங்கக்கூடாது. நிழலுக்கு இழுத்து, உடையைத் தளர்த்தி, கிடைக்கும் நீரையெல்லாம் உடலெங்கும் ஊற்றி, விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வையுங்கள். அதே வேளையில் இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். ஊர்தி வரும்வரை குளிர்விப்பதை நிறுத்த வேண்டாம். நினைவு தடுமாறுபவர் வாயில் நீர் ஊற்ற வேண்டாம்.

எனினும் எங்களை மிகவும் கவலையுறச் செய்வது நீர்தான். டிரையத்லான் போட்டிகளில் நேர்ந்த திடீர் மரணங்களை அமெரிக்காவில் ஆராய்ந்தபோது, அவற்றுள் பெரும்பான்மை நீச்சல் பகுதியிலேயே நிகழ்ந்திருப்பது தெரியவந்தது. குளத்தில் நன்கு நீந்துபவரும் திறந்த நீரில் இறங்கியவுடன் மூச்சு முட்டிப் பதற்றமடைவதுண்டு. அங்கே பற்றிக்கொள்ளச் சுவர் இல்லை. அடித்தரை கண்ணுக்குத் தெரிவதில்லை. சுற்றுலாவுக்குப் போன இடத்தில் ஆற்றையோ கல்குவாரியையோ கண்டதும், “ஒரு முறை அக்கரை போய் வருகிறேன்” என்று இறங்கும் ஆர்வத்தை வீட்டார் உறுதியாகத் தடுக்க வேண்டும். இந்த ஒன்றில் நாங்கள் முற்றிலும் குடும்பத்தின் பக்கம். நீச்சல் பயிற்சி உயிர்காப்பாளர் உள்ள குளத்திலேயே நடக்கட்டும். போட்டிக்குமுன் திறந்த நீரில் பழக வேண்டுமெனில் பயிற்சியாளர் துணையோடு, மிதவை கட்டிக்கொண்டு செல்லுங்கள். கடற்கரைக்குப் போனால் மணலில் வெறுங்காலோடு நடப்பதே நல்ல பயிற்சி. நீரிழிவினால் பாத உணர்ச்சி குறைந்தவர்கள் மட்டும் காலணியைக் கழற்றக்கூடாது.

நீரில் மூழ்குபவர் கூச்சலிடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் அது ஓசையின்றியே நடந்துவிடுகிறது. பிள்ளைகள் நீரில் இருக்கும் நேரத்தில் பெரியவர் ஒருவர் கைபேசியை ஒதுக்கி வைத்துவிட்டு அவர்களையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நீச்சல் பழகுபவர் தம் பிள்ளைகளையும் அதே குளத்தில் சேர்த்துவிட்டால், காலை நேரத்தைக் குடும்பத்திடமிருந்து பறித்துக்கொண்டதாகவும் ஆகாது.

உணவில் புதுமை எதுவும் தேவையில்லை. பயணத்திற்கென்று வீட்டில் கட்டும் புளியோதரையும், மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் மாவுச்சத்தும் உப்பும் ஒருங்கே தருபவை. தாகத்திற்கேற்ப நீரும் நீர்மோரும் அருந்துங்கள். அளவுக்கு மீறி வெறும் நீரைக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து அதுவே ஆபத்தாகும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். எடை கூடியிருந்தால் குடித்தது மிகுதி. இளநீர் எல்லோருக்கும் ஏற்றதன்று. அதில் பொட்டாசியம் மிகுதியாதலால் சிறுநீரக நோயாளிகளும், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மருந்து உட்கொள்வோரும் எங்களைக் கேட்காமல் அருந்த வேண்டாம். இதயச் செயலிழப்பிற்காக நீரளவு வரையறுக்கப்பட்டவர்கள் மற்றவரைப் பார்த்துக் குடிக்கலாகாது.

வலி தெரியாமல் ஓடுவதற்கென்று டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகளை முன்கூட்டியே விழுங்கும் வழக்கம் பரவி வருகிறது. நீரிழந்த உடலில் அவை சிறுநீரகத்தைத் தாக்கும். காய்ச்சல் உள்ள நாளில் பயிற்சி கூடவே கூடாது. இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுத்துக்கொள்வோருக்குப் பயிற்சி முடிந்து பல மணி நேரம் கழித்து, இரவு உறக்கத்தில்கூடச் சர்க்கரை தாழலாம். ஏரியை நான்கு சுற்று வந்த நாளில் படுக்குமுன் ஒருமுறை அளந்து பாருங்கள். டாபாகிளிஃபுளோசின் வகை மருந்து உட்கொள்வோர் நீண்ட பயிற்சி நாட்களிலும் போட்டியன்றும் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதை முன்னரே கேட்டறிய வேண்டும். கோயில் வாசலில் வெயிலில் நிறுத்திய காருக்குள் இன்சுலின் பேனாவை விட்டுச் செல்லாதீர்கள். ஈரத்துணி சுற்றிய சிறு மண்பானைக்குள் நனையாதபடி வைத்து, நிழலில் உடன் கொண்டு சென்றால் போதும். ஐஸ் கட்டியின் மீது நேரடியாக வைத்தால் உறைந்து பயனற்றுப் போகும்.